கிழிந்துபோன எட்டுப் பக்கங்கள்

சுனாமி வந்து மூன்றாவது வாரம். எங்கிருந்தெல்லாமோ வந்து குவிந்த நிவாரண மூட்டைகளைப் பிரித்து அடுக்க ஆள் போதவில்லை என்று பங்குச் சாமியார் ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் சொன்னார். குடிகாட்டிலிருந்து கிளம்பிப்போன நான்கு பெண்களில் ஆரோக்கியம்மாளும் ஒருத்தி. கடலூர் வெயிலுக்கு ஆகாத கம்பளிச் சட்டைகளுக்கு நடுவில் அட்டையில்லாத ஒரு தடித்த ஆங்கில நாவல் கிடந்தது. அதை என்ன செய்வதென்று யாருக்கும் தெரியவில்லை. வேண்டுமானால் நீ எடுத்துக்கொள் என்றார் அங்கிருந்த கன்னியாஸ்திரி.

ஆரோக்கியம்மாளுக்கு அப்போது முப்பத்துநாலு வயது. செம்மங்குப்பத்தில் ஒரு சாயத் தொழிற்சாலையின் டைம் ஆபீஸில் கிளார்க். ஷிப்டுக்கு வருகிறவர்களின் அட்டையைச் சரிபார்ப்பதும் லீவு எழுதுவதும்தான் வேலை. கணவன் அன்பரசு வேன் ஓட்டினான். பி.ஏ. ஆங்கிலம் படித்ததை அவளே மறந்துபோயிருந்தாள். அந்த நாவலைத் திறந்த பிறகுதான் ஞாபகம் வந்தது.

இயேசு இறந்து முப்பது வருடம் கழிந்த காலத்துக் கதை. கொரிந்து துறைமுகத்தில் கப்பலுக்குப் பாய் தைக்கிறவன் தீமோன். விசுவாசிகள் எழுதிய ஒரு கடிதத்தை அங்கியின் மடிப்புக்குள் வைத்துத் தைத்துக்கொண்டு ரோமாபுரிக்குக் கப்பலேறுகிறான். பின்னாலேயே படைவீரர்கள் துரத்துகிறார்கள். நடுக்கடலில் கொள்ளைக்காரர்கள். கரைக்குப் போனால் காட்டிக்கொடுக்க ஆள். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு நாளைக்கு நாலு பக்கம் படித்தாள். படித்ததை மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் பேக்கிங் செக்‌ஷன் மாலதியிடம் சொன்னாள். மாலதி மாதா கோயில் பக்கமே வராதவள். ஆனாலும் தீமோன் இன்றைக்கு எங்கே மாட்டினான் என்று டிபன் பாக்ஸைத் திறக்கும் முன்பே கேட்பாள். நீ வாயால் சொல்வதை எழுதி வை என்று முதலில் சொன்னதும் அவள்தான்.

தமிழில் எழுத ஆரம்பித்தாள். ஷிப்டு மாறிக் கூட்டம் ஓய்ந்த பிறகு டைம் ஆபீஸில் ஒரு மணி நேரம் சும்மா கிடக்கும். வேண்டாமென்று ஒதுக்கிய படிவங்களின் பின்பக்கத்தில் முதலில் எழுதிப் பார்ப்பாள். விடுமுறை நாளில் அதை நோட்டில் நன்றாக எழுதுவாள்.

பாதிக் கதையில் ஒரு சிக்கல் வந்தது. புயலில் கப்பல் உடைந்து தீமோன் தண்ணீரில் விழுகிறான். அடுத்த எட்டுப் பக்கங்கள் கிழிந்துபோயிருந்தன. அதற்கப்புறம் பார்த்தால் வேறு யாருடைய சட்டையையோ போட்டுக்கொண்டு ரோமாபுரித் தெருவில் நடக்கிறான். அவன் பிழைத்தது எப்படி, அந்தச் சட்டை யாருடையது என்று மாலதி விடாமல் கேட்டாள். தெரியாது என்று சொல்ல ஆரோக்கியம்மாளுக்கு மனம் வரவில்லை.

நிவாரணம் கொடுத்த நாட்களில் சோனாங்குப்பத்தில் கொளஞ்சியம்மாள் என்ற மீன்காரப் பெண்ணை அவள் பார்த்திருந்தாள். கடல் கொண்டுபோன மகனின் பள்ளிக்கூடச் சட்டையைக் கையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தாள் அந்தப் பெண். ஒரு நாள், உடம்பில் துணியில்லாமல் வரிசையில் நின்ற யார் வீட்டுப் பிள்ளைக்கோ அதைப் போட்டுவிட்டு, பொத்தானை மட்டும் ரொம்ப நேரம் மாட்டிக்கொண்டிருந்தாள்.

ஆரோக்கியம்மாள் அவளைத் தீமோன் ஒதுங்கிய கரையில் கொண்டுபோய் நிறுத்தினாள். மகனைக் கடலுக்குக் கொடுத்த ஒரு மீனவப் பெண் தீமோனை இழுத்துக் கரையேற்றுகிறாள். மூன்று நாள் கஞ்சி ஊற்றுகிறாள். தேடி வந்த படைவீரர்களிடம் இவன் என் மகன் என்கிறாள். போகும்போது மகனின் சட்டையைப் போட்டு, பொத்தானை ரொம்ப நேரம் மாட்டி அனுப்புகிறாள். எட்டுப் பக்கம் எழுத அவளுக்கு நான்கு மாதம் பிடித்தது. மாலதி அதைக் கேட்டுவிட்டுச் சாப்பிடாமல் எழுந்துபோனாள்.

2009-இல் மொழிபெயர்ப்பு முடிந்தது. ஆறு நோட்டு. யாரிடம் காட்டுவது என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. கல்லூரியில் மூன்று வருடம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள் இளமதி. மேலே படித்து முனைவர் பட்டம் வாங்கி, சிதம்பரத்தில் ஒரு தனியார் கல்லூரியில் ஆங்கிலம் நடத்துகிறாள். ஆரோக்கியம்மாளுக்கு முதல் பிரசவத்தில் பிள்ளை தங்காமல் போனபோது பத்து நாள் கூடவே இருந்தவள். நோட்டுகளை மஞ்சள் பையில் போட்டு எடுத்துக்கொண்டு பஸ் ஏறினாள். எட்டுப் பக்கம் கிடைக்கவில்லை, அது நானாக எழுதியது, முழுப் புத்தகம் எங்காவது கிடைத்தால் பார்த்துத் திருத்திவிடு என்று முதல் நோட்டின் உள்ளட்டையில் தெளிவாக எழுதியிருந்தாள். நேரில் சொல்ல வெட்கமாக இருந்தது.

ஒரு மாதம் கழித்து இளமதி போன் செய்தாள். இரண்டு தடவை படித்துவிட்டதாகவும், மீனவப் பெண் வரும் இடத்தில் அழுதுவிட்டதாகவும் சொன்னாள். ஆரோக்கியம்மாள் அந்த வார்த்தைகளை ஒரு வாரம் மனதில் வைத்துக்கொண்டு சந்தோஷமாக இருந்தாள். அப்புறம் போன் குறைந்தது. மறு வருடம், பதிப்பகங்கள் எதுவும் எடுத்துக்கொள்ள மாட்டேன் என்கின்றன, மதக் கதை விற்காதாம், நோட்டுகள் பத்திரமாக இருக்கின்றன என்று தகவல் வந்தது. வருத்தம்தான். ஆனால் இளமதி இவ்வளவு அலைந்தாளே என்று அவளுக்காகவும் சேர்த்து வருந்தினாள்.

2011 அக்டோபரில் கடலூரில் நடந்த புத்தகக் கண்காட்சிக்கு மாலதி பிள்ளைகளோடு போயிருந்தாள். மறுநாள் காலை டைம் ஆபீஸ் ஜன்னலில் ஒரு புத்தகத்தை வைத்தாள். அட்டையில் பாய்மரக் கப்பல். கீழே, தமிழில்: முனைவர் இளமதி.

“உன் தீமோன்தானே இது? பேரு வேற யாருதோ போட்டிருக்கே,” என்றாள் மாலதி.

ஆரோக்கியம்மாள் நடுப் பக்கத்தைத் திறந்தாள். மீனவப் பெண் இருந்தாள். கஞ்சி இருந்தது. பொத்தான் மாட்டும் இடம் கமா மாறாமல் இருந்தது. முன்னுரைக்குப் போனாள். மூல ஆசிரியரின் மேதைமைக்கு மீனவப் பெண் வரும் பக்கங்களே சாட்சி, இவற்றைத் தமிழாக்கிய நாட்களில் பலமுறை கண்ணீர் விட்டேன் என்று இளமதி எழுதியிருந்தாள். அதைப் படித்த பிறகுதான் ஆரோக்கியம்மாள் புத்தகத்தை மூடினாள்.

அந்த வாரக் கடைசியில் சிதம்பரம் போனாள். இளமதி கதவைத் திறந்ததும் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டாள். மறைக்கவில்லை. பதவி உயர்வுக்கு ஒரு புத்தகம் தேவைப்பட்டது, கெடு நெருங்கிவிட்டது, சொல்லத்தான் இருந்தேன் என்றாள். காபி போட எழுந்தாள். ஆரோக்கியம்மாள் வேண்டாம் என்றாள்.

“டைம் ஆபீஸ் கிளார்க் பேரப் போட்டா எவன்டி அச்சடிப்பான்? என் பேரு இருந்ததாலதான் உன் எழுத்து வெளிய வந்துச்சு. அடுத்த பதிப்புல உனக்கு நன்றி போடச் சொல்றேன்.”

“அந்த மீன்காரப் பொம்பள மூலத்துல கெடையாது, இளமதி,” என்றாள் ஆரோக்கியம்மாள். “என் புத்தகத்துல எட்டுப் பக்கம் இல்ல. நானா எழுதினேன். மொத நோட்டுலயே சொல்லியிருந்தேன். நீ தொறந்தே பாக்கலயா?”

இளமதி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். நோட்டுகளை அப்படியே டைப் அடிக்கக் கொடுத்திருக்கிறாள். அச்சுக்குப் போகும் முன் மேலோட்டமாகப் பார்த்ததோடு சரி. இரண்டு தடவை படித்ததும் பொய், போனில் சொன்ன அழுகையும் பொய். மீனவப் பெண்ணைப் பற்றி டைப் அடித்த பெண்தான் அவளிடம் சொல்லியிருக்கிறாள். நோட்டுகளைக் கேட்டபோது கல்லூரியில் இருக்கின்றன, தருகிறேன் என்றாள்.

சென்னையிலிருந்த பதிப்பகத்துக்கு ஆரோக்கியம்மாள் நான்கு பக்கக் கடிதம் எழுதினாள். படிவங்களின் பின்னால் எழுதிய பழைய தாள்களில் பத்தை நகலெடுத்து இணைத்தாள். டிசம்பர் கடைசியில் ‘தானே’ புயல் வந்தது. குடிகாட்டில் பாதி வீடுகளுக்குக் கூரை இல்லை. கரண்டு வர மூன்று வாரமானது. அந்தக் களேபரத்தில் இளமதியிடமிருந்து ஒரு வரி வந்தது: நோட்டுகள் வைத்திருந்த அறைக்குள் மழைத் தண்ணீர் புகுந்துவிட்டது, எதுவும் மிஞ்சவில்லை. உண்மையா பொய்யா என்று விசாரிக்க ஆரோக்கியம்மாளுக்குத் தெம்பில்லை.

பிப்ரவரியில் இளமதி காரில் குடிகாட்டுக்கே வந்தாள். பதிப்பகத்தார் மூலப் புத்தகத்தைத் தேடி எடுத்து ஒப்பிட்டுப் பார்த்து விளக்கம் கேட்டிருந்தார்கள். மூலத்தில் தீமோனை ஒரு தானியக் கப்பல் காப்பாற்றுகிறது. மோதிரத்தைக் கொடுத்துச் சட்டை வாங்குகிறான். அவ்வளவுதான். வாசகர்களுக்காக இருவரும் கலந்துபேசிச் சேர்த்த பகுதி அது என்று ஒரு கடிதம் தயாராக இருந்தது. ஆரோக்கியம்மாள் கையெழுத்து போட வேண்டும்.

“பழகுன பழக்கத்துக்காகவாவது போடுடி. என் வேலையே போயிரும்.”

அன்பரசு வாசலில் நின்றுகொண்டு மனைவியையே பார்த்தான்.

“நாம கலந்துபேசல,” என்றாள் ஆரோக்கியம்மாள். “பேசியிருந்தா, உன் பேரையே போட்டுக்கோன்னு நானே சொல்லியிருப்பேன்.”

தாளை மடித்து இளமதியின் கைப்பைக்குள் வைத்தாள். அவள் போன பிறகு துவைத்த துணியை எடுக்கக் கொல்லைப்புறம் போனவள், கொடிக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள்.

பதிப்பகம் சத்தமில்லாமல் புத்தகத்தை விற்பனையிலிருந்து நிறுத்திக்கொண்டது. பெயர் மாறவில்லை, மறுப்பும் வெளிவரவில்லை. உங்கள் எட்டுப் பக்கங்கள் நன்றாக இருந்தன என்று மட்டும் ஆரோக்கியம்மாளுக்கு ஒரு அஞ்சலட்டை வந்தது. ஜூன் மாதம் இளமதி துறைத் தலைவரானாள். படிவத் தாள்கள் இருக்கின்றனவே, வேறு இடத்தில் கொடுக்கலாம் என்று மாலதி இரண்டு முறை சொல்லிப் பார்த்தாள். ஆரோக்கியம்மாள் பேச்சை மாற்றினாள்.

ஆகஸ்டில் ஒரு கல்யாணத்துக்காகச் சிதம்பரம் போனவள், திரும்பும்போது பஸ் ஸ்டாண்டில் கடலூர் வண்டிக்காக நின்றிருந்தாள். பின்னாலிருந்து யாரோ தோளைத் தொட்டார்கள். இளமதி. கொஞ்சம் இளைத்திருந்தாள்.

“சாப்ட்டியாடி?”

“சாப்ட்டேன்,” என்று சொல்லிவிட்டாள் ஆரோக்கியம்மாள். பதினேழு வயதிலிருந்து அந்தக் கேள்விக்குச் சொல்லிப் பழகிய பதில், தானாக வந்துவிட்டது. வண்டி வந்தது. திரும்பிப் பார்க்காமல் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். ஏன் பதில் சொன்னோம் என்று புதுச்சத்திரம் தாண்டி, ஆலப்பாக்கம் தாண்டியும் தன்மேலேயே எரிச்சல் அடங்கவில்லை. கூட்டத்தில் அப்போதுதான் அவளிடம் வந்துசேர்ந்த கண்டக்டர் எந்த ஊர் என்று கேட்டது காதில் ஏறவில்லை. இரண்டாம் முறை கேட்ட பிறகே குடிகாடு என்றாள்.