மேகத்துக்கு மேலே ஒரு வகுப்பு

கல்வராயன் மலையில் இருக்கும் எங்கள் தொடக்கப்பள்ளிக்கு டேப்லெட் வந்தபோது, பிள்ளைகளைவிட எனக்குத்தான் கை பரபரத்தது. ஆனால் பள்ளியில் சிக்னல் கிடையாது. வாரக் கடைசியில் கள்ளக்குறிச்சிக்கு வீட்டுக்குப் போகும்போது வீடியோக்களை இறக்கிக்கொண்டு திங்கட்கிழமை மலையேறுவேன். எத்தனை நாளைக்கு இப்படி? மலையடிவாரத்து வடக்கனந்தலில் ஆசிரியையாக இருக்கும் என் தோழியிடம் புலம்பினேன்.

"வெள்ளிக்கிழமை காலைல வீடியோ கால்ல ரெண்டு வகுப்பையும் சேத்தே நடத்தலாம். என் அஞ்சாம் வகுப்பு ரெடியா இருக்கும்" என்றாள்.

அன்று காலை மழை விட்டிருந்தது. டேப்லெட்டை உயரத் தூக்கிக்கொண்டு பள்ளியைச் சுற்றிச் சுற்றி வந்தேன். ஒரு கோடுகூட வரவில்லை. ஐந்தாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி என் புடவையைத் தொட்டாள்.

"டீச்சர், மேல பாறைக்குப் போனா கெடைக்கும். எங்கப்பா அங்கருந்துதான் போன் பேசும்."

சின்னப் பிள்ளைகளைத் தலைமையாசிரியர் பார்த்துக்கொண்டார். ஐந்தாம் வகுப்போடு நான் ஏறினேன். மூச்சு வாங்கியது எனக்கு மட்டும்தான். பாறையில் கால் வைத்ததுமே டேப்லெட்டில் மணி அடித்தது. தோழியே கூப்பிட்டுவிட்டாள்! திரை முழுக்க முகங்கள். இரண்டு பக்கமும் ஒரே கூச்சல்.

அன்றைய பாடம் நீர்ச் சுழற்சி. தோழி ஆரம்பிப்பதற்குள் அந்தப் பக்கம் ஒரு பையன் கத்தினான்.

"ஏய், பின்னாடி இன்னா அது, பொகையா?"

எங்கள் சிறுமி திரும்பிப் பார்த்தாள். டேப்லெட்டை என்னிடமிருந்து வாங்கிப் பள்ளத்தாக்குப் பக்கம் பிடித்தாள். கீழே மரங்களை மூடிக்கொண்டு வெள்ளையாக ஒன்று நகர்ந்துகொண்டிருந்தது.

"மேகம்" என்றாள்.

"மேகமா? கீழ கீது!"

"நாங்க மேல இருக்கோம்ல."

"தொட்டா எப்டி இருக்கும்?"

"ஒண்ணும் இருக்காது. சட்டை நனையும், அவ்ளோதான்."

தோழி விடவில்லை. "அப்ப மேகத்துக்குள்ள இன்னா இருக்கு? சொல்லுங்க பாப்பம்!"

"தண்ணி!" மலையும் கீழ்நாடும் ஒரே குரலில் கத்தின. இத்தனை வருடமாகக் கரும்பலகையில் அம்புக்குறி போட்டு நான் இழுத்து இழுத்து நடத்திய பாடம்! எனக்கும் சேர்ந்து கத்த வேண்டும்போல் இருந்தது, கத்தினேன்.

அடுத்த வெள்ளி அவர்கள் முறை. வகுப்பே வயல் வரப்பில் நின்று, நடவு மெஷின் ஓடுவதைக் காட்டியது.

"அது ஏன் சேத்துல மாட்டிக்கல?" என்று எங்கள் சிறுமி கேட்டாள்.

எனக்குத் தெரியவில்லை, தோழிக்கும் தெரியவில்லை.

"இரு, எங்கப்பாதான் ஓட்டுறாரு, அவரையே கேளு" என்று அந்தப் பையன் போனோடு சேற்றில் இறங்கி ஓடினான்.