மச்சான் சுத்தம் செய்த தோட்டம்

லிஃப்ட் மெக்கானிக் அதிகம் பேசமாட்டார். லிஃப்டில் மாட்டிக்கொண்டு கத்துகிறவர்களிடம்கூட "இருங்க, வரேன்" என்பதோடு சரி. அதனால் வீட்டு முன்னால் இருந்த புல்தரையை அவர் ஒருநாள் கறுப்புத் தார்ப்பாயால் மூடி, ஓரமெல்லாம் செங்கல் வைத்தபோது, ஏன் என்று மனைவிக்கே தெரியவில்லை.

"புல்லு சாகணும்," என்றார், அவள் விடாமல் கேட்ட பிறகு.

"அது உங்கள என்ன பண்ணுச்சு?"

இந்த மண்ணில் தானாக வளர்கிற காட்டுப்பூக்களை விதைக்கப் போகிறாராம். புல் இருந்தால் முளைக்க விடாதாம். கோடை முழுக்கத் தார்ப்பாய் கிடந்தது. கீழே யாரைப் புதைத்திருக்கிறாரோ என்கிற மாதிரி தெருவில் பார்த்துக்கொண்டு போனார்கள். மனைவி ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவளிடம் அங்கேயே வந்து விசாரித்தார்கள்.

மழைக்கு முன் தார்ப்பாயை எடுத்தார். செத்த புல்லை வாரிவிட்டு மேல்மண்ணை மட்டும் லேசாகக் கீறினார். ஆழமாகக் கொத்தினால் அடியில் தூங்குகிற களை விதையெல்லாம் எழுந்துவிடும். பூ விதைகள் பொடிப்பொடியாக இருந்ததால் மணலோடு கலந்து தூவினார். மண் போட்டு மூடாமல், விதை மண்ணோடு ஒட்டுவதற்காகப் பலகை வைத்து அதன்மேல் ஏறி மிதித்தார்.

முளைத்தது. பார்க்க ஒன்றும் விசேஷமில்லை. பச்சையாக, ஒழுங்கில்லாமல், அங்கங்கே. தினமும் வேலைக்குப் போகுமுன் குந்தி உட்கார்ந்து பார்ப்பார்.

அப்போதுதான் மச்சான் வந்தார். மனைவியின் அண்ணன், சலூன் வைத்திருப்பவர். கலைந்து கிடப்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க அவரால் ஆகாது. வீட்டில் வேறு யாருமில்லை. மாலையில் மெக்கானிக் திரும்பியபோது தரை வழித்தெடுத்த மாதிரி இருந்தது. சுவரோரம் ஒரு கீற்று மட்டும் பாக்கி.

"இடுப்பு பிடிச்சுக்கிச்சு மாப்பிள்ளை. மிச்சத்த நாளைக்குப் பிடுங்கிடறேன்."

"வேணாம் மச்சான். இவ்வளவே போதும்."

சாப்பிட உட்கார்ந்த மெக்கானிக் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். மனைவி வெளியே போய்ப் பார்த்துவிட்டு வந்து அண்ணனைத் தனியாகக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னாள்.

"மனுஷன் வாயத் திறந்து திட்டக்கூடாதா?" என்றார் மச்சான்.

"அவரா?"

மச்சானுக்கும் அன்று சாப்பாடு இறங்கவில்லை.

சுவரோரக் கீற்று பூத்துக் காய்ந்தது. அந்த விதைகளை மெக்கானிக் பழைய தலையணை உறையில் சேர்த்து வைத்தார். அடுத்த மழைக்கு முன், சலூனுக்கு லீவு விட்டுவிட்டு மச்சான் வந்து நின்றார்.

"நான் என்ன செய்யணும், சொல்லுங்க."

"மிதிங்க."

இருவரும் ஆளுக்கொரு பலகையில் ஏறி, பேச்சில்லாமல் குதித்துக் குதித்து நகர்ந்தார்கள். எதிர்வீட்டுக்காரர் பிள்ளைகளை உள்ளே கூப்பிட்டுக்கொண்டார்.

அந்த முறை தரை முழுக்கப் பூத்தது. ஊதா அதிகம், மஞ்சள் கொஞ்சம், அவர் விதைக்கவே விதைக்காத ஒரு வெள்ளையும். ட்யூட்டி முடிந்து வந்த மனைவி, பையைக்கூட உள்ளே வைக்காமல் ஓரத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்தாள்.

"நல்லாத்தான் இருக்கு," என்றாள்.

அவர் தலையாட்டிவிட்டு இன்னொரு நாற்காலி எடுத்துவரப் போனார்.