எல்லை தாண்டாத ஆட்சேபணை

புளியந்துறைச் செங்கோட்டையக் கவுண்டருக்கு வாய்க்கால் பாய்ச்சலில் வயல் இருந்தது, தோட்டம் இருந்தது, மாரியம்மன் கோயில் தர்மகர்த்தா என்ற பட்டமும் இருந்தது. எல்லாம் அப்பன் வைத்துவிட்டுப் போனவை. அவராகச் சம்பாதித்தது ‘கூடாது’ என்ற ஒரு சொல்தான். சத்தியமங்கலத்திலிருந்து பஸ் விட வந்தார்கள். மாடு மிரளும், கூடாது என்றார். கிணற்றில் மருந்து போட சுகாதார ஆபீஸ் ஆள் வந்தான், கூடாது. பள்ளிக்கூடத்துக்கு ஓடு போடுவதுகூட அவருக்கு ஆகவில்லை, தாம் படித்தது ஓலைக்கூரைக்குக் கீழே என்று. அங்கே எத்தனை நாள் படித்தார் என்று யாரும் கேட்கவில்லை. பஸ் வந்தது, மருந்து விழுந்தது, ஓடும் ஏறியது. ஆனாலும் தம்மைக் கேட்காமல் ஊரில் ஒரு துரும்பும் அசையாது என்றே கவுண்டர் நம்பிக்கொண்டிருந்தார். அந்த நம்பிக்கையில்தான் அவருக்குச் சோறு இறங்கியது.

அப்படிப்பட்டவருக்குத்தான் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தாறாம் வருஷத்தில் சோதனை வந்தது. சத்தியமங்கலத்து ரசாக் ராவுத்தர் ஊர்க்கோடியில் நிலம் பிடித்து, எண்ணெய் எஞ்சின் வைத்து நெல் மில் போட அனுமதி கேட்டுக் கோயம்புத்தூர் ஆபீசுக்கு மனுப் போட்டுவிட்டார். ஆட்சேபணை உள்ளவர்கள் தெரிவிக்கலாம் என்று சாவடிச் சுவரில் நோட்டீசு ஒட்டினார்கள். கவுண்டருக்கு அது கல்யாண அழைப்பைவிட இனித்தது.

மில்லினால் அவருக்கு என்ன கெடுதல்? ஒரு மண்ணும் இல்லை. ராவுத்தர் மனுப் போடுமுன் அவரிடம் வந்து ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவ்வளவுதான் சங்கதி. ஆனால் அதை மனுவில் எழுத முடியாதே! அதனால், புகையில் நெற்கதிர் கருகும், சத்தத்தில் சினைமாடு குறைக்கன்று போடும், கோழி முட்டையிடாது, மில் அரிசி தின்றால் உடம்பில் சத்து நிற்காது என்று வரிசையாக எழுதவைத்தார். அக்கம்பக்கத்தார் ஒவ்வொருவராக வந்து கைநாட்டு வைத்தார்கள். பாதிப்பேர் மில்லைப் பார்த்ததே கிடையாது. மீதிப்பேர், வைக்காவிட்டால் தங்களுக்கு வாய்க்கால் தண்ணீர் முறை தப்பிப்போகும் என்று பயந்து வைத்தார்கள்.

வீட்டில் மட்டும் ஒரு எதிர்க்குரல் கேட்டது. கவுண்டரின் மனைவி சென்னியம்மாளுக்கு விடிந்தால் உரலும் உலக்கையும்தான். குடும்பத்துக்கும் பண்ணையத்து ஆட்களுக்கும் குத்திக் குத்தி, கொண்டை போடக்கூட வலது கை மேலே எழும்பாமல் போயிருந்தது.

“மில்லு வந்தா நல்லதுதானுங்களே?” என்றாள்.

“உனக்கென்ன தெரியும்? பொம்பளைக குத்தாம குந்தியிருந்தா இடுப்புப் புடிச்சுப் போகும்.”

“இப்பப் புடிச்சுக் கெடக்கறது என்னதுங்க?”

கவுண்டர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். பதில் இல்லாதபோது அவருக்குத் துண்டு இருந்தது.

அனுமதி எப்படியும் வந்துவிடும் என்ற தைரியத்தில் ராவுத்தர் ஈரோட்டுக்கு ரயிலில் எஞ்சினை வரவழைத்து, அங்கிருந்து மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு வருவதாகச் செய்தி வந்தது. கவுண்டருக்கு அப்போதுதான் அந்த மகா யோசனை உதித்தது. மாரியம்மன் நோன்புக்கு இன்னும் நாள் கிடந்தது. தர்மகர்த்தா நினைத்தால் முன்னாலேயே சாட்டலாம். சாட்டு என்றால் ஊர் முழுக்கப் பறை அடித்து நோன்பு அறிவிப்பது. அது ஆகிவிட்டால், கோயில் முன் நட்ட கம்பத்தைப் பிடுங்கி ஆற்றில் விடும்வரை ஊருக்குள் புது வேலை தொடங்கக் கூடாது. அடுப்பில் தாளிக்கக் கூடாது. ஊர்க்காரர் யாரும் எல்லை தாண்டிப் போய் வெளியூரில் இராத் தங்கக் கூடாது. கவுண்டர் முதல் விதியை மட்டும் நினைத்துப் பறையை அடிக்கச் சொன்னார்.

வண்டி எல்லைக்கல்லுக்கு வந்தபோது கவுண்டர் குறுக்கே நின்றார்.

“சாட்டியாச்சு ராவுத்தரே. எஞ்சின் உள்ளே வரப்படாது.”

“ஆத்தா நோம்பிக்கு நான் குறுக்க நிப்பனுங்களா? இப்படிப் புளியமரத்தடியிலயே கெடக்கட்டுமுங்க” என்று ராவுத்தர் மாட்டை அவிழ்த்தார்.

கவுண்டர் மீசையை முறுக்கிக்கொண்டு ஊருக்குள் வந்த தோரணையைப் பார்க்க வேண்டுமே! ஒரு படையையே தனியாளாய் விரட்டியடித்துவிட்டு வருகிறவர்போல வந்தார்.

நாலாம் நாள் தபால் வந்தது. வியாழக்கிழமை காலை கோயம்புத்தூரில் விசாரணை. ஆட்சேபணைக்காரர்கள் நேரில் வர வேண்டும். வராவிட்டால் ஆட்சேபணை தள்ளுபடி. ஊருக்கு இருந்ததோ ஒரே பஸ். புதன்கிழமை மத்தியானம் ஏறினால் பொழுது சாயக் கோயம்புத்தூர். திரும்பும் பஸ் மறுநாள்தான். நடுவில் இருக்கிற இராத்திரியை எங்கே கொண்டு போய் ஒளிப்பது? ராவுத்தருக்கு இந்தத் தொல்லையே இல்லை. அவர் சத்தியமங்கலத்துக்காரர்.

கைநாட்டு வைத்தவர்கள் எல்லாரும் வரமாட்டோம் என்றுவிட்டார்கள். வேறு வழியில்லாமல் கவுண்டர், பூப்போட்டு அம்மனிடம் உத்தரவு கேட்கும் பூசாரியைத் தேடிப் போனார்.

“ஆத்தாகிட்ட எனக்காக ஒருக்காப் பூக்கேட்டுப் பாரப்பா. ஊர் காரியம்.”

பூசாரி தலையைச் சொறிந்தான். “போன வருசம் நோம்பியப்ப மகளுக்குப் பேறுகாலம், ஒரு ராத்திரி போய்ட்டு வாரேன்னு மாரப்பன் அழுதானுங்களே, அப்ப நீங்க என்ன சொன்னீங்க? ஆத்தாகிட்டப் பேரம் பேசாதேன்னீங்க.”

கவுண்டருக்கு அது ஞாபகம் இருந்தது. மாரப்பனின் மகள் அந்தப் பேறுகாலத்தில் பிழைக்கவில்லை என்பதும் அவருக்குத் தெரியும்.

இருந்தும் புதன்கிழமை மத்தியானம் சலவை வேட்டியும் கோட்டுமாக எல்லைக்கல்லருகே போய் நின்றார். பஸ் வந்தது. தண்ணீர்க் குடங்களோடு வந்த பெண்கள் குடத்தை இறக்கிவைத்துவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். கவுண்டர் ஒரு காலைத் தூக்கிப் படியில் வைத்தார். ஊர்க் கண் முழுவதும் அந்தக் காலில் இருந்தது. கூட்டத்தில் மாரப்பனும் நின்றான்.

“ஏறுங்க கவுண்டரே, நேரமாச்சு” என்றான் கண்டக்டர்.

கவுண்டர் காலை இறக்கினார். பின் சக்கரத்தை ஒரு தட்டுத் தட்டினார். “காத்துக் கம்மியா இருக்குது. பாத்துப் போங்க” என்றுவிட்டு வீட்டைப் பார்த்து நடந்தார். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். அதற்காவது தானே பறையடித்து ஊரைக் கூட்டத் தெரியாது.

நோன்பு முடிந்ததும் மில் ஓடத் தொடங்கியது. மாடு குறைக்கன்று போடவில்லை, கோழி தன் பாட்டுக்கு முட்டையிட்டது. கவுண்டர் சாவடியில் நின்று சபதம் செய்தார்: “ஊரே தின்னாலும் என்ற ஊட்டு அடுப்புல மில்லரிசி ஏறாது.” அன்று முதல் வீட்டுக்கு வந்தவர்களை எல்லாம் உட்காரவைத்துச் சோறு போட்டார். “கைக்குத்தல் கைக்குத்தல்தானுங்க. இந்த ருசி எஞ்சினுக்கு வருமா?” என்பார். வந்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டு, “வராதுங்க” என்பார்கள். சோறு முன்னைக்கு இப்போது வெளுப்பாக இருப்பதாக ஒருநாள் அவருக்கே தோன்றியது. “நல்லாத் தீட்டறனுங்க” என்றாள் சென்னியம்மாள். வீட்டில் உலக்கைச் சத்தம் நின்று மாதக்கணக்காகிவிட்டதை அவர் கவனிக்கவில்லை. அந்தச் சத்தம் இருந்த காலத்திலும் அவர் அதைக் காதில் போட்டுக்கொண்டவர் அல்ல.

தைமாதம் ஒரு மத்தியானம் இலையில் சோளச்சோறு விழுந்தது.

“என்ன இது? அரிசி எங்கே?”

“இல்லீங்க.”

“குதிர் நெறைய நெல்லு கெடக்குதே!”

சென்னியம்மாள் கரண்டியைக் கீழே வைத்தாள். வலது கையை உயர்த்தி, அவிழ்ந்த கூந்தலைச் சுருட்டி, அவருக்கு எதிரிலேயே கொண்டை போட்டாள்.

“மில்லு எஞ்சின் கெட்டுப்போச்சுங்க. நாலு நாளா ஓடலீங்க.”

கவுண்டர் இலையையே பார்த்துக்கொண்டிருந்தார். சபதம் ஞாபகம் வந்தது. இத்தனை மாதமாய் இலைக்கு முன் தலை குனிந்த முகங்கள் ஒவ்வொன்றும் ஞாபகம் வந்தன. அவர்கள் குனிந்தது மரியாதைக்கு இல்லை, சிரிப்பை மறைக்க. ஊர் முழுக்கத் தெரிந்திருக்கிறது. குழந்தையிடம் பேசுவதுபோல எல்லாரும் அவரிடம் பேசியிருக்கிறார்கள். தோள்மேல் துண்டு இருந்தது. கை அதைத் தேடிப் போகவில்லை.

சோளச்சோற்றை ஒரு கவளம் உருட்டி வாயில் போட்டார். தண்ணீரைக் குடித்து இறக்கினார்.

“எப்ப ஓடுமாம்?” என்று கேட்டார்.