அறுநூற்றுப் பன்னிரண்டாவது கிலோமீட்டர்

என் மனைவி கோமதியின் இடுப்பெலும்பு உடைந்ததற்குக் காரணம் நான். அது அவளுடைய கவனக்குறைவால் நேர்ந்தது என்று எழுதவைத்தவனும் நான். அவள் அதை இன்றுவரை நம்புகிறாள்.

இந்த மூன்று வாக்கியங்களை எழுத எனக்கு நான்கு ஆண்டுகள் தேவைப்பட்டன. துறைமுகத்தில் வேலை பார்த்தபோது ஒரு விபத்தறிக்கையை நான்கு மணி நேரத்தில் முடித்துவிடுவேன்!

நீங்கள் யாரென்று எனக்குத் தெரியாது. அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன். தெரிந்த முகத்துக்கு முன்னால் சொல்லும் துணிவு எனக்கு இருந்திருந்தால் இந்தக் காகிதத்துக்கு வேலையே இல்லை.

முப்பத்தொரு ஆண்டுகள் நான் துறைமுகத்தில் பாதுகாப்பு அதிகாரி. முத்துக் குளித்த கடல் என்று பள்ளிப் புத்தகம் சொல்லும். என் காலமெல்லாம் அதில் நிலக்கரிதான் வந்து இறங்கியது. அந்த நிலக்கரியைச் சுமந்து ஓடும் கன்வேயர் பெல்ட்டுகளின் உருளைகளைச் சுற்றிக் கம்பிக் கூண்டு இருக்கும். காப்பு என்போம். சுத்தம் செய்ய வசதியாக இருக்கிறதென்று தொழிலாளர்கள் அதைக் கழற்றி வைப்பார்கள். நான் போய் மெமோ கொடுப்பேன். ‘காப்பைக் கழற்றாதே, கையை இழக்காதே’ என்று சுவரில் மஞ்சள் பெயின்டில் எழுதவைத்ததும் நான்தான். அந்த வரி இன்னும் அங்கே இருக்கிறதாம்.

ஓய்வு பெற்றபோது எல்லோரும் என்னைக் காசிக்குப் போகச் சொன்னார்கள். நான் மோட்டார் சைக்கிள் ஷோரூமுக்குப் போனேன்.

முப்பது வருடம் ஒரே ஸ்கூட்டரில் போன நான், அறுபதாவது வயதில் ஒரு சிவப்பு ஸ்போர்ட்ஸ் பைக் வாங்கினேன். முன்னால் சுறாமீன் முகம் மாதிரி ஒரு கவசம். ஓட்டுபவன் பெட்ரோல் டேங்கின் மேல் கவிழ்ந்து படுக்க வேண்டும். பின்னிருக்கையோ ஒரு முழம் உயரத்தில், தனியாக, ஒரு கைக்குட்டை அகலத்துக்கு. முதல் நாள் ஏறிப் பார்த்த கோமதி, “இதென்ன, மொட்டை மாடிக்கு ஏறுத மாதிரில்லா இருக்கு!” என்று சிரித்தாள். ஆனாலும் ஏறினாள். ஒருபக்கமாகக் கால் போட்டு, என் தோளைப் பிடித்துக்கொண்டு.

புது எஞ்சினைப் பழக்குவது எப்படி என்று உங்களுக்குத் தெரியுமா? எனக்குத் தெரியும். கையேட்டை மூன்று முறை படித்தவன் நான். முதல் ஆயிரம் கிலோமீட்டருக்கு எஞ்சினை நிமிடத்துக்கு ஐயாயிரம் சுற்றுக்கு மேல் முறுக்கக் கூடாது. ஒரே வேகத்தில் நெடுநேரம் ஓட்டக் கூடாது. புறப்படுமுன் எஞ்சின் சூடாகும்வரை பொறுக்க வேண்டும். புது டயரில் ஒரு வழவழப்பு இருக்கும், அது தேயும்வரை வளைவில் சாய்க்கக் கூடாது. பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியம் பார்ப்பதுபோல் பார்த்தேன். எத்தனை கிலோமீட்டர், எத்தனை சுற்று என்று தினமும் ஒரு நோட்டில் குறித்தேன். இரும்புக்கு அத்தனை பத்தியம்!

ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் கடற்கரைச் சாலையில் பைக் வைத்திருப்பவர்கள் கூடுவார்கள். முப்பது, நாற்பது வயதுக்காரர்கள். டீ குடித்துக்கொண்டே ஒருவர் வண்டியை ஒருவர் பார்ப்பார்கள். என் வண்டியையும் சுற்றிவந்து பார்த்தார்கள். அவர்களில் ஒருவன், கப்பல் ஏஜெண்ட் ஒருவரிடம் வேலை பார்ப்பவன், பின்சக்கரத்தருகே குனிந்து உரக்கச் சிரித்தான்.

“என்ன அண்ணாச்சி, ரேஸ் குதிரைக்குத் தாவணி போட்டு விட்டிருக்கிய?”

அவன் சொன்னது சாரி கார்டை. பின்சக்கரத்தின் இடப்பக்கம் பொருத்தப்பட்ட கம்பிச் சட்டம். பின்னால் உட்காரும் பெண்ணின் சேலை சக்கரத்துக்குள் போகாமல் தடுப்பது. சட்டப்படி இருக்க வேண்டியது. அழகுக்கு ஆகாதது.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மறுநாள் அந்தோணியின் கடையில் நின்றேன். பைக்குகளுக்குக் கூடுதல் சாமான் பொருத்தித் தருகிறவன். நாற்பது வயது, சுத்தமான வேலைக்காரன். டேங்கில் ஒட்டும் ரப்பர் அட்டை, விழுந்தால் எஞ்சின் அடிபடாமல் தாங்கும் குமிழ்கள், பிரேக் பிடிக்குக் காப்பு, கைபேசி மாட்டும் கொக்கி... எல்லாம் பொருத்தினான். பாருங்கள், நான் வாங்கியவற்றில் பாதி பாதுகாப்புச் சாதனங்கள். வண்டியின் பாதுகாப்புக்கு.

கடைசியில் சாரி கார்டைக் காட்டி, “இதை எடுத்துரு” என்றேன்.

அவன் ஸ்பேனரைக் கீழே வைத்தான். “அண்ணாச்சி, இதக் கழட்டச் சொல்லுதியளே... அம்மா சேலைல்லா கட்டுவாவ? பின்னால உக்காருவாவள்லா?”

“முப்பது வருஷம் ஊருக்கே பாதுகாப்புப் பாடம் எடுத்தவன்லே நான். எனக்கு நீ எடுக்கியா?”

அவன் ஸ்பேனரை மறுபடி எடுத்தான். இரண்டு போல்ட். இரண்டே நிமிடம். கழற்றியதைச் செய்தித்தாளில் சுற்றி என் கையில் கொடுத்தான். நான் அதை வீட்டுப் பரணில் வைத்தேன். வண்டி... அழகாகத்தான் இருந்தது. இப்போது அதைச் சொல்லவும் கூசுகிறது, ஆனால் அழகாகத்தான் இருந்தது.

கோமதி பதினெட்டு வருடமாகத் திருச்செந்தூருக்குப் பாதயாத்திரை போகிறவள். பச்சைச் சேலை கட்டி, விடியுமுன் கிளம்பி, தெருப் பெண்களோடு நடந்தே போய்விடுவாள். நான் ஒருமுறைகூட நடந்ததில்லை. அந்த வருடம் நான் சொன்னேன்: “இந்தத் தடவை என் வண்டியில வா. அடுத்த வருஷம் நடந்துக்கோ.”

“நேர்ச்சைங்க... நடக்கணும்லா?”

“முருகன் கோவிச்சுக்க மாட்டான். எனக்கும் கிலோமீட்டர் ஆவணும்.”

எனக்குக் கிலோமீட்டர் ஆக வேண்டியிருந்தது! நோட்டில் ஐந்நூற்றுத் தொண்ணூறு சொச்சம். ஆயிரத்தைத் தொட அவசரம். அவள் சிரித்தபடி சம்மதித்தாள். தலைக்கவசத்தை நானே மாட்டி, வாரை இழுத்துச் சரிபார்த்தேன். அந்த விதியை நான் மீறவில்லை, கவனியுங்கள்.

ஊரைத் தாண்டியதும் சாலையின் இரு பக்கமும் உப்பளங்கள். காற்று பக்கவாட்டில் அடித்தது. நான் சுற்றுமானியைப் பார்த்தபடி ஓட்டினேன். நாலாயிரத்து ஐந்நூறு. சரியாக. பின்னால் அவள் ஏதோ சொன்னாள். காற்றில் கேட்கவில்லை. அடுத்த கணம் என் தோளில் இருந்த கை போய்விட்டது.

அது எப்படி இருந்தது என்று எழுதமாட்டேன். சக்கரத்தில் பச்சைத் துணி இறுக்கிச் சுற்றியிருந்தது என்பதோடு விடுகிறேன்.

உப்பளத்திலிருந்து பெண்கள் ஓடிவந்தார்கள். ஒருத்தி கத்தியால் சேலையை அறுத்தாள். இன்னொருத்தி தன் தலைத்துண்டை அவிழ்த்துக் கோமதியின் மேல் போர்த்தி, தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, அழுகையும் அதட்டலுமாகச் சொன்னாள்: “ஏளா, முந்திய இழுத்துச் செருகாம உக்காந்தியா? காத்து இந்த அடி அடிக்கே!”

கோமதி, அந்த வலியிலும், “ஆமாக்கா... நான்தான் செருகல...” என்றாள்.

நான் பக்கத்தில் நின்றேன். வாய் திறந்தால் ஒரு வாக்கியம் போதும். ‘அவள்மேல் தப்பில்லை, நான் கார்டைக் கழற்றிவிட்டேன்.’ திறக்கவில்லை. அந்த இடத்தில் அந்த நிமிடத்தில் பயம், பதற்றம் என்று சொல்லித் தப்பிக்கலாம். இதற்கப்புறம் செய்ததற்கு என்ன சொல்வேன்?

சாலை விபத்து என்பதால் மருத்துவமனையிலிருந்து காவல் நிலையத்துக்குத் தகவல் போகும். காவலர் வந்து வண்டியைப் பார்ப்பார். எனக்கு நடைமுறை தெரியும்! அவளை அறுவைச் சிகிச்சைக்கு உள்ளே கொண்டுபோனதும், மைத்துனனை வாசலில் உட்கார வைத்துவிட்டு, துணி எடுத்துவருவதாகச் சொல்லி வீட்டுக்கு வந்தேன். குட்டியானை வேனில் ஏற்றிவந்த வண்டி முற்றத்தில் நின்றது. பரணில் ஏறி, செய்தித்தாள் பொட்டலத்தைப் பிரித்து, சாரி கார்டை மாட்டினேன்.

மாட்டியபின் தள்ளி நின்று பார்த்தேன். புத்தம் புதிதாக மின்னியது. சுற்றிலும் எல்லாம் சேதமாகியிருக்க ஒன்று மட்டும் சேதமில்லாமல் இருந்தால் அது பிறகு வைக்கப்பட்டது... பயிற்சி வகுப்பில் நான் சொல்லிக் கொடுத்த பாடம். ஆகவே சுத்தியலை எடுத்தேன். கம்பியை வளைத்தேன். தரையில் தேய்த்துக் கீறினேன். சக்கரத்தில் எஞ்சியிருந்த பச்சை நூலில் கொஞ்சத்தை உருவி அதன் இடுக்கில் சுற்றினேன். அந்த நேரத்தில் அவளுடைய இடுப்பில் தகடு வைத்துத் திருகாணி முடுக்கிக்கொண்டிருந்தார்கள். நான் இங்கே போல்ட் முடுக்கிக்கொண்டிருந்தேன்.

காவலர் வந்தார். நல்ல மனிதர். குனிந்து பார்த்து, “கார்டு இருந்தும் சிக்கியிருக்கே சார்... அம்மா முந்தியக் காத்துல விட்டுட்டாவ போல” என்றார். வாக்குமூலத்தை எப்படி எழுதுவது என்று தயங்கினார். நான்தான் சொல்லச் சொல்ல எழுதினார். ‘பின்னிருக்கைப் பயணி சேலை முந்தானையை முறையாகச் செருகாத கவனக்குறைவினால்...’ நல்ல தமிழ். ஒரு பிழை இல்லை. முப்பத்தாறு வருடம் என்னோடு வாழ்ந்தவள் என் வாயில் பின்னிருக்கைப் பயணி ஆனாள்.

மயக்கம் தெளிந்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி: “ஒங்க புது வண்டிக்கு ஒண்ணும் ஆவலியே?”

“ஒண்ணும் ஆவல” என்றேன்.

“மன்னிச்சிருங்க. ஆசையா வாங்கினிய. நான் கெடுத்துட்டேன்.”

இதற்கும் நான் பேசாமல் இருந்தேன். நீங்கள் என்னைப் பற்றி என்ன நினைக்கிறீர்களோ, அதைவிடக் கீழாக என்னை நினைக்க நான் பழகிவிட்டேன்.

உண்மை தெரிந்தவன் ஒருவன் உண்டு. அந்தோணி மருத்துவமனைக்கு ஆரஞ்சுப் பழத்தோடு வந்தான். கார்டு இருந்தும் தன் கவனக்குறைவால் நேர்ந்தது என்று கோமதி அவனிடமும் சொன்னாள். கேட்டுக்கொண்டு நின்றான். வெளியே வந்ததும், “கார்டத் திரும்ப மாட்டிட்டிய போல” என்றான். நான் தலைகுனிந்தேன்.

“நானும் கழட்டிக் குடுத்திருக்கப்படாது அண்ணாச்சி. மாதா கோயில்ல போயிப் பாவசங்கீர்த்தனத்துல சாமியார்ட்ட சொல்லிட்டேன்.” கோபமே இல்லாமல் கேட்டான். “நீங்க எங்க போயிச் சொல்லுவிய?”

அதன்பின் நான் அவன் கடைத் தெருப் பக்கம் போகவில்லை.

கோமதி இப்போது கைத்தடியோடு நடக்கிறாள். தெருமுனை வரை. பாதயாத்திரைக் கூட்டம் பாடிக்கொண்டு போகும்போது வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து தண்ணீர் கொடுக்கிறாள். அந்த வருடம் நேர்ச்சையை மீறி வண்டியில் ஏறியதால் முருகன் காலை வாங்கிக்கொண்டான் என்பது அவளுடைய கணக்கு. வண்டியை விற்கலாம் என்றேன். “விக்காதிய. ஆசையா வாங்கினது” என்றுவிட்டாள். அறுநூற்றுப் பன்னிரண்டு கிலோமீட்டரில் முற்றத்தில் நிற்கிறது. வெள்ளிக்கிழமைதோறும் அவளே அதைத் துடைக்கிறாள். நான் வளைத்த கம்பியையும் சேர்த்து, கீறல் கீறலாகத் துடைக்கிறாள்.

இத்தோடு முடிந்திருந்தால் நான் எழுதியிருக்கவே மாட்டேன். என்னோடு சாம்பலாகட்டும் என்று விட்டிருப்பேன். போன வெள்ளிக்கிழமை முத்துராஜ் வந்தான்.

கோமதியின் தம்பி மகன். மணமாகி நான்கு மாதம். புது பைக், புது மனைவி. இருக்கையில் பாலிதீன் உறைகூடப் பிரிக்கவில்லை. அந்தப் பெண் ஜோதி, பட்டுச்சேலையில், கைக்குட்டை அகல இருக்கையிலிருந்து பயந்து பயந்து இறங்கினாள்.

“மாமா, புது எஞ்சினப் பழக்குத ரன்னிங்-இன் எப்படின்னு ஒங்களக் கேட்டாத்தான் கரெக்டா இருக்கும்” என்றான். நான் கையேட்டை ஒப்பித்தபடி வண்டியைச் சுற்றி வந்தேன். பின்சக்கரத்தின் இடப்பக்கம் வெறுமையாக இருந்தது.

“சாரி கார்டு எங்கலே?”

“கழட்டிட்டேன் மாமா. அசிங்கமா இருந்துச்சு.”

“மாட்டுலே. சட்டப்படி தப்பு. முதல்ல போய் மாட்டு.”

அவன் சிரித்தான். முற்றத்து மூலையில் நின்ற என் வண்டியைக் கைகாட்டினான். “ஒங்க வண்டில இருக்கத்தான செஞ்சுது? இருந்து என்ன புண்ணியம்? அத்தைக்கு ஆனது ஆச்சுல்லா?”

உங்களுக்குப் புரிகிறதா? நான் சுத்தியலால் தயாரித்த சாட்சியை அவன் என் முன்னாலேயே எடுத்து வைக்கிறான்... அதை மறுக்க இந்த உலகத்தில் ஒருவனால் மட்டுமே முடியும்.

கோமதியும் தலையசைத்தாள். “அவன் சொல்லுததும் வாஸ்தவந்தான். கார்டு என்ன செய்யும்? நாமதான் கவனமா இருக்கணும்.” கைத்தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு, ஜோதியின் முந்தானையை இழுத்துச் சுற்றி இடுப்பில் செருகினாள். இரண்டு முறை இழுத்துப் பார்த்தாள். “இறுக்கிச் செருகிக்கோளா. என்ன மாதிரி மெத்தனமா இருந்துராத.”

முத்துராஜ் வண்டியைக் கிளப்பினான். நான் வாசல்வரை ஓடினேன். ஆமாம், ஓடினேன்! சொல்லத்தான் ஓடினேன். அவன் தலைக்கவசத்தைத் தூக்கி, “என்ன மாமா?” என்றான். ஜோதி பார்த்தாள். எனக்குப் பின்னால், கதவைப் பிடித்தபடி கோமதி நின்றாள்.

“ஐயாயிரத்துக்கு மேல போவாதலே” என்றேன்.

அவர்கள் போனார்கள். தெரு திரும்பும்வரை ஜோதியின் முந்தானையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வீடு சேர்ந்ததும் போன் செய்யச் சொல்லியிருந்தாள் கோமதி. முக்கால் மணி நேரம் கழித்து மணி அடித்தது. அவள்தான் எடுத்துப் பேசினாள். “போய்ச் சேந்துட்டாங்களாம்” என்றாள்.

நாளைக்கும் அவர்கள் அந்த வண்டியில்தான் போவார்கள்.