நாற்பத்தேழாம் எண்ணின் மெதுப் பந்து

“கோரிமேட்டுல ஒரு பொண்ணு பி.எஸ்சி. முடிச்சிட்டு, எவனோ பந்து எறியறதைப் பார்க்கிற வேலைக்குப் போவுதாம். அதுக்குச் சம்பளம் வேற.” டவுன் பஸ்ஸில் என் முன் இருக்கையில் ஒரு அம்மா சொன்னது. அந்தப் பெண் நான்தான். அவர் சொன்னதில் திருத்த ஒன்றுமில்லை.

பெரிய மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு மாடியில் எங்கள் ஆபீஸ். அமெரிக்க பேஸ்பால் ஆட்டங்கள் சிடியில் வரும். ஒவ்வொரு பந்தும் வேகமா, வளைந்ததா, மெதுவா என்று குறிக்க வேண்டும். வேறு ஏதாவது கண்ணில் பட்டால் பக்கத்திலிருக்கும் குறிப்புக் கட்டத்தில் எழுத வேண்டும். நாள் முழுக்கத் திரையைப் பார்த்துக் கண் எரிந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

எல்லாம் ஒன்றுதான்

பக்கத்து சீட் வேலு, நோணாங்குப்பம் போட் ஹவுசில் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தவன். ஞாயிறு தவறாமல் கிரிக்கெட் ஆடுகிறவன். பேஸ்பாலில் பந்து தரையில் படாமலே வருவதைப் பார்த்துவிட்டு, முதல் நாள் குறிப்புக் கட்டம் முழுக்க ‘ஃபுல் டாஸ்’ என்று நிரப்பினான். மேற்பார்வையாளர் செபஸ்தியான் சார் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

“அந்த ஊர்ல எல்லாமே ஃபுல் டாஸ்தான்யா. அதை வேற வேற பேர்ல எழுதத்தான் நம்மள வெச்சிருக்கான்.”

ஒரே கை

நாற்பத்தேழாம் எண் சட்டைக்காரர் ஒல்லி, உயரம். அவர் வேகப் பந்து போட்டால், பிடிக்கிறவரின் கை பின்னால் தள்ளப்படும். இன்னொரு பந்து கடைசி நொடியில் சறுக்கி இறங்கும். மூன்றாவதுதான் எமன்: அதே கைவீச்சு, அதே வேகம் போலத் தெரியும், பந்து மட்டும் ஆற அமர வரும். அடிக்கிறவர் முன்னதாகவே மட்டையைச் சுழற்றிவிட்டு அசடு வழிவார். வேலுவும் ஒவ்வொரு முறையும் ஏமாந்து ‘வேகம்’ என்றே குறித்தான். மூன்று மாதத்தில் தப்பு குறையாவிட்டால் வேலை போய்விடும்.

பந்து யார் மேலாவது பட்டுவிட்டால் நாற்பத்தேழு தொப்பியைத் தொட்டு மன்னிப்புக் கேட்பார். எனக்கு அவரைப் பிடித்திருந்தது. வேலுவுக்கும்தான், ஆனால்:

“விஜி, இவன் ஒருத்தனே என்னை மறுபடியும் போட் ஹவுசுக்கு அனுப்பிடுவான்.”

கையுறை

நான் மட்டும் அவர் பந்தைத் தப்பாகக் குறித்ததில்லை. நான் பந்தைப் பார்ப்பதில்லை. கூச்சக்காரர்களுக்கு அடுத்தவர் முகத்தை விட்டுக் கையைப் பார்த்தே பழக்கம். எறியும் முன் பந்தைக் கையுறைக்குள் மறைத்துத்தான் பிடிப்பார்; மெதுப் பந்துக்கு விரல்களை விரித்துப் பிடிக்க வேண்டும். அப்போது அவருடைய இடது கையுறை கொஞ்சம் அகலும். அவருக்கே அது தெரியாது.

வேலுவிடம் சொன்னேன். “குறிப்புல மட்டும் எழுதாதீங்க” என்றும் சொன்னேன். எங்கள் அறிக்கையை வாங்குவது அவரை எதிர்த்து ஆடுகிற அணிகள். தெரிந்தால் அவர் கதை முடிந்தது.

“முன்னாடியே சொல்லக் கூடாதா? ரெண்டு மாசமா நான் பந்தையே பார்த்துக்கிட்டிருக்கேன்.”

குறிப்புக் கட்டம்

மூன்றாம் மாதக் கடைசியில் சார் எங்கள் நாற்காலிகளுக்குப் பின்னால் வந்து நின்றார். “நாற்பத்தேழுல இந்த மாசம் ரெண்டு பேருக்கும் ஒரு தப்பு கூட இல்ல. ஏதோ கண்டுபிடிச்சிருக்கீங்க. அறிக்கை வாங்குற அணிக்காரன் அது என்னன்னு கேட்கிறான். இந்தப் பொண்ணு வாயத் திறக்காது. வேலு, நீ எழுது. எழுதினா உன் பேரை இன்னைக்கே நிரந்தரத்துக்கு அனுப்புறேன். இல்லைன்னா என்னால சொல்ல முடியாது.”

வேலு திரையைப் பார்த்தான். நாற்பத்தேழு யாரிடமோ தொப்பியைத் தொட்டுக்கொண்டிருந்தார். வேலு குறிப்புக் கட்டத்தைத் திறந்து, ‘எல்லாம் ஃபுல் டாஸ்’ என்று தட்டி, அனுப்பும் பொத்தானை அழுத்தினான்.