கூண்டுக்குள் சூரப்புலி

அவர் ஆற்றுப் பாலத்துக் கீமேன். தண்டவாளத்தைப் பிடித்திருக்கும் இரும்புச் சாவிகள் கழன்றிருக்கின்றனவா என்று சுத்தியலும் கையுமாக நடந்து பார்ப்பதுதான் வேலை. ஊருக்கு அவர் சூரப்புலி. உண்மையில், கீழே ஓடும் தண்ணீரைப் பார்த்தாலே தொடை நடுங்கும். சொன்னால் யார் நம்புவார்கள்?

பாலம் பாட்டன் காலத்தது. கப்பலில் துண்டு துண்டாக வந்த இரும்பைக் கல் தூண்கள்மேல் ஏற்றிப் பூட்டியிருந்தார்கள். வெயிலில் இரும்பு நீளுமே என்று ஒவ்வொரு உத்திரத்துக்கும் ஒரு முனையை முடுக்கி, மறுமுனையை உருளைமேல் சும்மா விட்டுவைத்தார்கள். இரும்புக்கு அவ்வளவு இரங்கிய புண்ணியவான்கள், ரயில் வரும்போது மனுஷன் ஒதுங்க, ஓர் ஆள் நிற்கும் கம்பிக் கூண்டைத்தான் பக்கவாட்டில் தொங்கவிட்டார்கள்.

அந்தக் கூண்டுதான் அவரைப் பிடித்த சனி. வெள்ளம் கரைபுரண்ட வருஷம், தூண் ஒன்று ஆடியதைக் கண்டு கூண்டுக்குள் பாய்ந்தவர், கம்பியைக் கட்டிக்கொண்டு உறைந்துபோனார். ஓடத்தான் நினைத்தார், கால் வரவில்லை. கக்கத்தில் இடுக்கிய சிவப்புக் கொடி காற்றில் அவிழ்ந்து படபடத்தது. அதைப் பார்த்து டிரைவர் ரயிலைக் கரையிலேயே நிறுத்திவிட்டார்.

"உயிரைப் பணயம் வச்சு நின்னாருய்யா!" என்று ஊரே தலையில் தூக்கி வைத்துக்கொண்டது. போட்ட மாலைக்கு அவரும் கழுத்தை நீட்டிவிட்டார். அன்றிலிருந்து புலி வாலைப் பிடித்த கதைதான்.

மாற்றல் கேட்டால், "உங்களை விட்டா இந்தப் பாலத்துக்கு யாரு இருக்கா?" என்று மேலதிகாரி முதுகில் தட்டுவார். ஒருநாள் துணிந்து மனைவியிடம் சொன்னார்: "பயமா இருக்குடி."

அவள் சிரித்துக்கொண்டே குழம்பைக் கிளறினாள். "நீங்க பயப்படுற ஆளாக்கும்! மெதுவாப் பேசுங்க, புள்ளைங்க நிஜம்னு நம்பிடப் போகுது."

பக்கத்தில் புதுப் பாலம் எழும்பியது. பழையதை மூடப்போகிறார்கள் என்றதும் அவருக்குத் தலைகால் புரியவில்லை. விட்டது சனி என்று, கடைசி ரயில் போனதும் சுத்தியலைத் துடைத்து ஒப்படைக்கப் போனார். வழியனுப்பு விழாவுக்கு மனைவியும் வந்திருந்தாள்.

"பாலத்தை இடிக்கல. ஜனங்க வந்து பார்க்கட்டும்னு வச்சுக்கப்போறோம்" என்றார் மேலதிகாரி. "நீங்க இனிமேலும் இங்கயேதான். அந்தக் கூண்டுல நின்னு வெள்ளக் கதையைச் சொல்லணும்."

மனைவிக்குப் பெருமையில் கண் கலங்கியது. அவர் மெல்லக் கூட்டத்துக்குள் நழுவப் பார்த்தார்.

"எங்க, ஒரு தடவை நின்னு காட்டுங்க" என்றார் மேலதிகாரி.

கூண்டுக்குள் போனார். கம்பியைக் கட்டிக்கொண்டார். உடம்பு வெடவெடவென்று நடுங்கியது, உதடு கோணியது.

"அடேயப்பா, என்னமா நடிக்கிறாரு!" என்று எல்லோரும் கைதட்டினார்கள்.