நாற்பத்தேழு வயது இளம் ஆய்வாளர்

கொட்டியார்க் குடாவின் கடற்புல்லை ஆராய ஒரு விஞ்ஞானச் சங்கத்திடம் உதவித்தொகை கேட்டிருக்கிறேன். விண்ணப்பத்துக்கு இன்றுதான் கடைசி நாள்.

கையெழுத்து வைத்து ஸ்கான் பண்ண லிங்கநகர் போட்டோக்கொப்பிக் கடைக்குப் போனேன். கடைக்கார றிஸ்வானா முதல் பக்கத்தைப் பார்த்தார். பிறகு என் தலையைப் பார்த்தார்.

"மிஸ், 'இளம் ஆய்வாளர்' எண்டு போட்டிருக்கே. ஃபோம் மாறிட்டா?"

கோபிக்க முடியவில்லை. டை அடித்து இரண்டு மாதமாகிறது.

"இல்ல, இதுதான். இந்தச் சங்கக்காரர் பிறந்த நாளைப் பாக்கிறேல்ல. கலாநிதிப் பட்டம் எடுத்த நாளிலயிருந்துதான் எண்ணுவினம். நான் எடுத்து ரெண்டு வருசம்."

"அப்ப உங்களுக்கு ரெண்டு வயசு!"

இருவரும் சிரித்தோம். அவர் ஸ்கானரை மூடினார்.

"நான் பள்ளிக்கூடத்துல ஓ.எல்லோட படிப்ப விட்டுட்டன் மிஸ். இந்தக் கணக்குல நான் இன்னும் பொறக்கவே இல்ல."

ஸ்கான் காசைக் கொடுத்தேன். படியிறங்கும்போது அவர் கூப்பிட்டார்.

"மிஸ், முப்பத்தெட்டு வயசுல ஏ.எல். பரீட்ச எழுத ஏலுமா?"

"ஓம், வடிவா எழுதலாம்."

என் விண்ணப்பம் போய்விட்டது. உதவித்தொகை கிடைக்குமோ தெரியாது.

ஏ.எல். கலைப்பிரிவு நோட்ஸ் வைத்திருப்பவர்கள் கீழே சொல்லுங்கள். லிங்கநகரில் ஒரு பிள்ளை பிறக்க இருக்கிறது.